பதினாறு என்று எழுதிய இரும்பு

அந்தக் காய்ச்சல் கதையைத் தணிகாசலம் நம்பாமல் போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. நம்பவில்லை என்று யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், அப்படியானால் என்னதான் நடந்தது என்று கேட்பார்கள். அதற்கு அவரிடம் பதில் கிடையாது. கதையைச் சொல்பவன் கஜேந்திரன். சொல்லச் சொல்ல அதில் சூடு ஏறிக்கொண்டே போயிற்று. தணிகாசலத்தின் கல்யாணத்தில் பெண்வீட்டார் நடுவே நின்று அவன் சொன்னபோது காய்ச்சல் நூற்றிரண்டு டிகிரி. மகளுக்குக் காது குத்தியபோது நூற்றுமூன்று. போன வருஷம் யாரோ ஒருவருடைய மணிவிழாப் பந்தியில், "நூத்தி நாலுங்க, நெத்தியில தோசை சுடலாம், அதோட மேடை ஏறினான் இவன்" என்றான். தெர்மாமீட்டர் யார் வைத்தது என்று இலையைப் பார்த்தபடியே தணிகாசலம் நினைத்துக்கொண்டார். மேடை என்பது மாவட்டப் பளுதூக்கும் தேர்வு, அவர்கள் பேச்சில் செலக்ஷன். இருவருக்கும் இருபத்துமூன்று வயது, ஒரே எடைப்பிரிவு. ஜெயிக்கிறவனுக்கு மாநிலப் போட்டி, அங்கே நன்றாகச் செய்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை. கடைசிச் சுற்றில் தணிகாசலம் மூன்று தடவை தூக்கி மூன்று தடவையும் கீழே போட்டார். கஜேந்திரன் போனான், வேலையும் வாங்கினான். காய்ச்சல் மட்டும் இல்லையென்றால் இவன்தான் போயிருப்பான் என்று, போனவனே முப்பது வருஷத்துக்கு மேலாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். தோற்றவனுக்காக ஜெயித்தவன் இவ்வளவு மெனக்கெடுவானா? மனைவி ரேணுகாவுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். இவருக்கு ஒரு தும்மல் வந்தால் போதும், "இன்னா, இன்னிக்கும் செலக்ஷனா?" என்று கேட்டுக்கொண்டே மிளகு ரசத்துக்குப் புளி கரைப்பாள். அவள் அப்படிச் சிரிக்கும்போது அவரும் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்புத்தான் அவரை உறுத்தியது. நம்பாத ஒன்றுக்குச் சிரித்துச் சிரித்தே அதை வீட்டுக்குள் உட்காரவைத்தது அவர்தானே.

இப்போது அந்தக் கஜேந்திரனின் கடையில்தான் நின்றிருந்தார், கையில் ஒரு கெட்டில்பெல்லோடு. மதியம் மூன்று மணி இருக்கும். வேலூர் வெயில் கண்ணாடிக் கதவில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே ரப்பர் பாயின் வாசனை, மெதுவாகச் சுற்றும் ஒரு ஃபேன், வேறு ஆள் இல்லை. ரயில்வேயிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று வந்து கஜேந்திரன் வைத்த உடற்பயிற்சிச் சாமான் கடை. டாக்டர்தான் ஆரம்பித்துவைத்தார். சர்க்கரை இருக்கிறது, நடந்தால் மட்டும் போதாது, ஐம்பதுக்கு மேல் தசை கரைய ஆரம்பிக்கும், ஏதாவது கனம் தூக்குங்கள் என்றார். போனில் கேட்டதும் கஜேந்திரன், "டம்பெல்லெல்லாம் வேணாம்டா, கெட்டில்பெல் ஒண்ணே ஒண்ணு போதும், மூலையில கெடக்கும், காலு, இடுப்பு, தோளு எல்லாத்துக்கும் அதுதான்" என்றான். ஏன் ஒன்று போதும் என்கிறான்? விற்கிறவன் இரண்டு வாங்கு என்றல்லவா சொல்வான்? வழியெல்லாம் பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு வந்தார். தோல் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷமாகத் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. பளபளவென்று சாயம் ஏற்றி வரும் தோலில் எங்கே உண்ணி கடித்த வடு, எங்கே முள்கம்பி கிழித்த கோடு என்று விரலால் தேடுகிற வேலை. மேலே எவ்வளவு மினுக்கம் இருக்கிறதோ அவ்வளவு கீழே பார்க்க வேண்டும் என்பது அந்த வேலை சொல்லித்தந்தது. வீட்டிலும் அதே கைதான் இருந்தது, அதற்கு என்ன செய்ய முடியும். டீக்கெண்டிபோலக் கைப்பிடி வைத்த இந்த இரும்பு உருண்டையின் பிடியிலும் கட்டைவிரல் தானாக ஓடியது. பிடியின் அடியில், அச்சு இரண்டும் சேர்ந்த இடத்தில், மெல்லிய வரம்பு ஒன்று தட்டுப்பட்டது. கறுப்புப் பெயின்ட் அடித்து மூடியிருக்கிறார்கள். "தோலைத் தடவுற மாதிரி தடவாதடா, இதுக்கு உண்ணிக்கடி இருக்காது" என்றான் கஜேந்திரன், கல்லாவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தபடி. "அந்தக் கோடு கையைக் கிழிக்குமே?" "உப்புத்தாள் போட்டுத் தேச்சா போயிடும். வார்ப்பு இரும்புடா, ஒரே ஊத்து, உன் பேரன் வரைக்கும் வரும்." பேரன் பிறந்து நான்கு மாதம்தான் ஆகிறது, அதை இவனுக்கு யார் சொன்னது? ரேணுகா சொல்லியிருப்பாள். அவள் இவனிடம் எல்லாவற்றையும் சொல்வாள், கஜா அண்ணன் கஜா அண்ணன் என்று. சொன்னால் என்ன தப்பு? தப்பு ஒன்றும் இல்லை.

வார்ப்பு இரும்பை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்ததை எடுத்தார். நீலப் பிளாஸ்டிக் போர்த்தியது, பார்க்க விளையாட்டுச் சாமான்போல. கீழே வைத்தால் டைல்ஸ் உடையாது, சத்தமும் வராது, மாடி வீட்டுக்காரர்கள் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றான். காதருகே கொண்டுபோய் ஆட்டினார். உள்ளே ஏதோ சரசரவென்று நகர்ந்த மாதிரி இருந்தது. "மணலா?" "சிமென்ட். கொஞ்சம் இரும்புத்தூளும் இருக்கும்." இருக்கும் என்றால் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எடை ஒன்றாகவே இருக்கட்டும், ஆனால் அதே பதினாறு கிலோ இதில் இவ்வளவு பருத்திருக்கிறதே, முன்னங்கையில் உட்காரும்போது இடிக்காதா? ஓங்கி விழுந்தால் பிளந்து உள்ளே இருப்பது வெளியே கொட்டுமா? கொட்டினால்தான் உள்ளே என்ன என்று தெரியும். தெரிந்துகொள்ள உடைக்கத்தான் வேண்டும் என்றால் அதை வாங்குவானேன். இன்னொன்று இருந்தது, உள்ளே தகடு தகடாக அடுக்கி, ஒரு திருகால் எடையைக் கூட்டிக் குறைக்கலாம். அது நல்ல யோசனை என்று முதலில் தோன்றியது. அப்புறம், தலைக்கு மேல் தூக்கி நிற்கும்போது திருகு கழன்றால் என்று தோன்றியது. ஒவ்வொரு தகடும் சரியாக மாட்டியதா என்று தினமும் பார்க்க வேண்டும். தான் மாட்டினால் பரவாயில்லை. வேறொருவர் மாட்டியிருந்தால்? பழைய சந்தேகம் ஒன்று மெல்லப் புரண்டு படுத்தது. அவருக்கு அது பழகிய புரளல். அன்றைக்குத் தேர்வில் தணிகாசலத்தின் ராடுக்கு எடைத்தட்டு மாட்டியது கஜேந்திரன். சின்னத் தேர்வு, ஆள் கிடையாது, தூக்குகிறவர்களே மாற்றி மாற்றி மாட்டினார்கள். பெரிய தட்டு இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னத் தட்டைச் செருகிவிட்டால் முன்னால் உட்கார்ந்திருக்கும் நடுவருக்குத் தெரியுமா? தெரியும். நடுவர்கள் மூன்று பேர் எண்ணிப் பார்த்தார்கள், அவர் கண்ணாலேயே பார்த்தார். ஆகவே அது இல்லை என்று எத்தனையோ தடவை முடிவு கட்டியாயிற்று. முடிவு கட்டியது ஒவ்வொன்றும் மறுநாள் காலையில் பல் துலக்கும்போது அவிழ்ந்துபோகும். அப்புறம் அந்தக் கை. மூன்றாவது தடவையும் ராடு தோளிலிருந்து முன்னால் சரிந்து பலகையில் தொம்மென்று விழுந்தபோது, யாரோ சிரித்தார்கள், ஒரு ஆள் விசிலடித்தான். ஓடிவந்து இவர் நெற்றியில் கை வைத்தது கஜேந்திரன்தான். "ஐயோ, கொதிக்குதுடா உனக்கு!" என்று கூவினான். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஒரு நடுவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அந்தத் தண்ணீர் முகத்தில் பட்ட குளிர்ச்சி இன்னும் நினைவிருக்கிறது, ஆனால் காய்ச்சல் நினைவில்லை. அன்று காலை அம்மா ஊற்றிய ஏழு இட்லி நினைவிருக்கிறது. காய்ச்சல்காரன் ஏழு இட்லி தின்பானா? மூன்று தடவை அவ்வளவு கனத்தோடு மல்லுக்கட்டினவன் நெற்றி கொதிக்காமல் குளிருமா?

போன் அடித்தது. ரேணுகா. "வாங்கிட்டீங்களா?" "பாத்துக்கினு இருக்கன்." "இன்னும் பாத்துக்கினே இருக்கீங்களா? பொண்ணு பாக்கவே இவ்வளவு நேரம் எடுக்கல நீங்க. கஜா அண்ணன் எதக் குடுக்குறாரோ அத வாங்கிட்டு வாங்க, நோண்டாதீங்க." கஜேந்திரனுக்கு அது கேட்டுவிட்டது. "தங்கச்சி, உன் வூட்டுக்காரரு இன்னும் ஒண்ணையும் நம்பல" என்று அங்கிருந்தே கத்தினான். அவள் சிரித்தது போனுக்குள் கரகரத்தது. அவர் போனைப் பையில் போட்டார். கஜேந்திரன் எழுந்துவந்து கடைசி அலமாரியிலிருந்து ஒன்றைத் தூக்கி முன்னால் வைத்தான். போட்டிக்கு உள்ளது என்றான், எஃகு, வழவழப்பான பிடி, வரம்பே கிடையாது. அடுத்து இன்னொன்று, இன்னொன்று. மஞ்சள், ஊதா, சிவப்பு. மூன்றும் ஒரே அளவு. கண்ணை மூடித் தடவினால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. "இது பதினாறு, இது இருபது, இது முப்பத்திரண்டு. எடை மாறினாலும் உருவம் மாறாது. கையில ஒரே எடத்துல உக்காரும், அதான் இதோட விசேஷம்" என்றான். எப்படி மாறாமல் இருக்கும் என்று கேட்டார். குறைந்த எடைக்கு உள்ளே அதிகம் காலியாக விடுவார்களாம், நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பதாம். மூன்று உருண்டைகளும் தரையில் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தன, ஒன்றும் தெரியாத மாதிரி. பெயின்ட் அடிக்கிறவன் ஒரு நாள் டப்பாவை மாற்றி எடுத்துவிட்டால்? இருபதுக்கு மஞ்சள் அடித்துவிட்டால், பதினாறு என்று நம்பித் தூக்குகிறவன் தன் கையைத்தான் திட்டிக்கொள்வான். வயசாகிவிட்டது என்பான், சர்க்கரை என்பான், ராத்திரி தூக்கமில்லை என்பான். இரும்பைச் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றாது. இரும்பு பொய் சொல்லும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

"எடை போட்டுக் காட்டு" என்றார். சொன்ன வேகம் அவருக்கே கொஞ்சம் அசிங்கமாக இருந்தது. "டேய், கடையே என்னுதுடா." "இருக்கட்டும், போடு." கஜேந்திரன் கோபித்துக்கொள்ளவில்லை. பார்சல் எடை பார்க்கிற கொக்கித் தராசைச் சுவர் ஆணியிலிருந்து எடுத்துவந்து, போட்டிக்கு உள்ளதை மாட்டினான். பதினாறு, புள்ளிக்குப் பின்னால் சுழி. நீலப் பிளாஸ்டிக்கை மாட்டினான். பதினைந்தே முக்கால் சொச்சம். கடைசியாக அந்தக் கறுப்பு வார்ப்பு இரும்பு, பதினாறு என்று நெஞ்சில் புடைப்பாக எழுதியிருப்பது. எண் ஓடி ஓடிப் பதினைந்துக்குக் கீழே போய் நின்றது. தணிகாசலம் தலை நிமிர்ந்தார். மாட்டிக்கொண்டான் என்று ஒரு சந்தோஷம், இத்தனை வயதில் வரக்கூடாத சந்தோஷம், எட்டிப் பார்த்தது. கஜேந்திரன் சிரித்தான். "அவ்ளோதான்டா. வார்ப்புன்னா முன்னபின்ன இருக்கும். எவன் எடை போட்டு ஊத்துறான்? நம்ம வாத்தியார் ஜிம் தட்டு மட்டும் இன்னா வாழ்ந்துச்சு? இருபதுன்னு எழுதியிருந்தது, ஒண்ணாவது பதினெட்டுக்கு மேல வந்துச்சா? நாலையும் சைக்கிள்ல வெச்சுத் தள்ளிக்கினு போயி அரிசி மண்டித் தராசுல போட்டுப் பாத்தனே." சொல்லிவிட்டு இரும்பைக் கொக்கியிலிருந்து கழற்றினான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து அதை அலமாரியில் வைத்தான். வைத்துவிட்டுத் திரும்பி, எந்த நிறம் வேண்டும் என்று கேட்டான்.

எந்த நிறம் என்பது தணிகாசலத்தின் காதில் விழுந்தது, ஆனால் அவர் எண்ணிக்கொண்டிருந்தது வாத்தியாரின் தட்டுகளை. நாலு தட்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்தால், எட்டு. எட்டுக்கு மேலேயே. இருவருக்கும் பளுதூக்கச் சொல்லித்தந்த வாத்தியாரின் ஜிம்மில் தினமும் சாயந்திரம், புழுதியும் விளக்கெண்ணெயும் மணக்கும் அந்தத் தகரக் கொட்டகையில், நூற்றுப்பத்து என்று நம்பி அவர் தலைக்கு மேல் நிறுத்தியது நூற்றுப்பத்தே இல்லை. நூற்றிரண்டைத் தூக்கி நூற்றுப்பத்து என்று மார்தட்டியிருக்கிறார். தேர்வு நடந்த பள்ளிக்கூட மைதானத்தில் வைத்திருந்தது சென்னையிலிருந்து வந்த நிஜத் தட்டுகள். முதலில் ஸ்நாட்ச், தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவது, அதிலேயே கொஞ்சம் கனத்தது, ஆமாம் கனத்தது, மேடைப் பயம் என்று நினைத்தார். அடுத்து, தோளில் நிறுத்தி அங்கிருந்து மேலே தள்ளுகிற ஜெர்க்குக்கு ஆரம்ப எடை என்ன என்று மேஜையில் கேட்டபோது, நூற்றுப்பத்து என்றார், தினம் தூக்குகிறதுதானே என்ற திமிரில். ஒரு தடவை சொன்ன எடையைக் கூட்டலாமே தவிரக் குறைக்க முடியாது, அதுதான் விதி. தோளுக்கு வந்தது, அதற்கு மேல் போகவில்லை. மூன்று தடவையும் அதே இரும்பு. அப்படியானால் அவர் தோற்கவில்லையா? தோற்றார்தான். தூக்கவே முடியாததைத் தூக்கத் தெரியும் என்று இருபத்துமூன்று வயதுவரை நம்பிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். முப்பத்துமூன்று வருஷமாகத் தேடிய ஓட்டை தன் காலடியிலேயே இருந்திருக்கிறது. காய்ச்சலும் இல்லை, செருகிய தட்டும் இல்லை. அப்பாடா என்று இருக்க வேண்டும். அப்படி இருக்கவில்லை. கஜேந்திரனும் அதே கொட்டகையில் அதே தட்டைத்தான் தூக்கினான். அவனும் தினம் நூற்றுப்பத்து. அப்படியிருக்க அன்றைக்கு மேஜையில் அவன் என்ன சொன்னான்? தொண்ணூற்றைந்து. ஆமாம், தொண்ணூற்றைந்து. "இன்னாடா, இப்பவே பேதியா?" என்று அவனைப் பார்த்துச் சிரித்தது யார், தணிகாசலம்தான். பக்கத்தில் நின்ற பயல்களும் சிரித்தார்கள். அவன் பிடி வழுக்காமலிருக்கக் கையில் சுண்ணாம்புத்தூளைத் தேய்த்துக்கொண்டே நின்றான். தொண்ணூற்றைந்தில் ஆரம்பித்து, நூற்றில் முடித்து, போய்விட்டான். அவன் சுபாவம் அடக்கம் என்று இத்தனை வருஷமும் அதை ஒரு நல்ல குணமாக நினைத்து வைத்திருந்தாரே.

இல்லை, பொறு. எடை போட்டது தேர்வுக்கு அப்புறமாகவும் இருக்கலாம். நண்பன் ஏன் விழுந்தான் என்று புரியாமல், மனசு கேட்காமல், நாலு தட்டையும் சைக்கிளில் வைத்து மண்டிக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். அப்போதுதான் தெரிந்திருக்கும். தெரிந்ததை இவரிடம் எப்படிச் சொல்வான், நீ ஒருநாளும் நூற்றுப்பத்து தூக்கினவனே இல்லைடா என்று? அதைவிடக் காய்ச்சல் மேல் இல்லையா? கல்யாணத்தில், காதுகுத்தில், பந்தியில், ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி அவன் காப்பாற்றியது இவருடைய மானத்தைத்தான் என்றால், முப்பத்துமூன்று வருஷமாக அந்த மனுஷன்மேல் விரலை ஓட்டி வடு தேடிக்கொண்டிருந்த தன்னை என்ன சொல்வது? ஆனால் தேர்வு முடிந்த இடத்திலேயே, தட்டை எடை போடுவதற்கு முன்னாலேயே, நெற்றியில் கை வைத்துக் கொதிக்குது என்றானே. அது எல்லாரும் சிரித்ததால் சொன்னதாக இருக்கலாம். அந்த நேரத்துக்குத் தோன்றியது. தோன்றுமா அப்படி, அவ்வளவு சட்டென்று, ஏற்கெனவே யோசித்து வைக்காதவனுக்கு? தேர்வுக்கு அப்புறம் தணிகாசலம் அந்தக் கொட்டகைப் பக்கமே போகவில்லை. கஜேந்திரன் எப்போது போனான், எப்போது வந்தான் என்று இவருக்குத் தெரியாது. வாத்தியார் செத்து எத்தனையோ காலம் ஆயிற்று. அந்த மண்டி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. இதைக் கேட்க உலகத்தில் மிச்சம் இருப்பது, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே நிற்கிற இந்த ஒரே ஆள். கேட்டால் இவன் ஒரு வார்த்தை சொல்வான். அந்த வார்த்தைக்கு அப்புறம் இவன் வீட்டுப் பொங்கல் இவர் வீட்டுக்கு வருமா, ரேணுகா இவனை அண்ணன் என்று கூப்பிடுவாளா, பேரனுக்குக் காது குத்தும்போது மொய் எழுத இவன் வந்து உட்காருவானா? கேட்காவிட்டால்? கேட்காவிட்டால் மஞ்சள் நிறத்தைக் காட்டி இது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறலாம். தினமும் காலையில் அதைத் தூக்கலாம். தூக்குகிற ஒவ்வொரு தடவையும், தொண்ணூற்றைந்து என்று சொல்லிவிட்டு உள்ளங்கையில் சுண்ணாம்பைத் தேய்த்த அந்தப் பையனின் முகம் வரும். அந்த முகத்தில் பயம் இருந்ததா? நினைவில் எவ்வளவு கிட்டே போய்ப் பார்த்தாலும் முகம் வெள்ளையாக மங்கலாகத்தான் தெரிந்தது.

"இன்னாடா, சிலை மாதிரி நின்னுட்ட? சொல்லு, பில்லு போட்டு ஆட்டோவுல ஏத்தி வுடறன்" என்றான் கஜேந்திரன். நரைத்த மீசைக்குக் கீழே இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். நெற்றியில் ஃபேன் காற்று படாத இடத்தில் வியர்வை முத்து முத்தாக நின்றது. நல்ல முகம். தணிகாசலத்தின் அம்மா சாகக்கிடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று இரவு தூங்காமல் இருந்த முகம். அவர் அலமாரியின் இரும்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கேட்டபோது குரல் கோபமாக இல்லை, யாரிடமோ வழி கேட்பதுபோல மெல்ல வந்தது.

"கஜா, வாத்தியார் தட்டை மண்டித் தராசுல போட்டுப் பாத்தேன்னியே, அது செலக்ஷனுக்கு முன்னாலயா, பின்னாலயா?"